கொந்தளிப்பு வெளியீட்டின் முதலாவது கசற்

லண்டன்
14.01.1992

அன்பின் யாகப்பு,

உயிரோடு இருக்கிறாயா, முதலில் அதைச் சொல்லு. சண்டை பிறகு பிடிக்கலாம்.

1983இல் உன் றேடியோ திருத்தும் கடைக்குள் நாம் தொடங்கிய 'கொந்தளிப்பு' வெளியீட்டுக்கு இங்கே உயிர் வந்திருக்கிறது. மூன்று வருடம், ஏழு பாட்டுக் கசற்! யாழ்ப்பாணத்தில் பங்க் றொக் என்று கத்தித் திரிந்தவர்கள் நாம் மட்டும்தான். உன் தம்பி நீக்கிலாப்பிள்ளையின் பாட்டைக் கேட்டு, "பொடியனுக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?" என்று பங்குச் சுவாமி பயந்துபோனாரே!

அவன் பாடிய நம் முதலாவது கசற்றை இசைத்தட்டாகப் போட இங்கே ஒரு சின்ன ஸ்ரூடியோக்காரர் சம்மதித்திருக்கிறார். மூலக் கசற்றை அனுப்பு. கடலுக்குப் போய்த் திரும்பாத அந்தப் பிள்ளையின் குரலாவது மிஞ்சட்டும்.

உன் நாகலிங்கம்

குருநகர்
02.05.1992

அன்பின் நாகலிங்கம்,

இருக்கிறோம். மின்சாரம் போய் இரண்டு வருடமாகிறது. பின்னேரங்களில் சைக்கிளை நிறுத்தி வைத்து நான் மிதிப்பேன். அந்த டைனமோவில்தான் அம்மா தம்பியின் கசற்றைக் கேட்கிறார். வேறு பிரதி இல்லை. "குடுத்தா எனக்குப் பிள்ளை இல்லாமல் போயிடும்" என்றார். நீ திருப்பி அனுப்புவாய் என்று மாதா மேல் சத்தியம் செய்தபிறகுதான் தந்தார். கொழும்புக்குப் போய்வரும் மார்கிரட் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

யாகப்பு

லண்டன்
20.11.1992

அன்பின் யாகப்பு,

இசைத்தட்டு வெளிவந்துவிட்டது! கோபிக்காதே, மூலக் கசற்றை நானே வைத்துக்கொண்டேன். ஷெல்லடிக்கு நடுவே அதை அனுப்ப மனம் வரவில்லை. அதைவிடத் துப்புரவான கசற் பிரதி ஒன்று மார்கிரட் அக்காவிடம் வரும். அங்கே கொண்டுவரத் தடை என்பதால் நாலு பற்றறியும் ஒளித்துக் கொண்டுவருவார். இனி நீ மிதிக்கத் தேவையில்லை.

உன் நாகலிங்கம்

குருநகர்
09.03.1993

நாகலிங்கம்,

பற்றறியில் பாட்டைப் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "உது ஆரடா? என்ரை பிள்ளை உப்பிடிக் கீச்சிடமாட்டான். நாகலிங்கம் எங்களை ஏமாத்திப்போட்டான்" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிறகுதான் எனக்கு விளங்கியது. என் கால்களில் பலமில்லை. நான் மெல்ல மிதிக்க, கசற்றும் மெல்ல ஓடி, அவன் குரல் தடித்துக் கேட்டிருக்கிறது. இவ்வளவு காலமும் அம்மா அழுதது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

பற்றறியைக் கழற்றினேன். பழைய கசற் வந்துவிட்டது என்று பொய் சொல்லி, அதே புதுப் பிரதியைப் போட்டு மெல்ல மிதித்தேன். "ஓம், இவன்தான்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

உன்னில் எனக்குக் கோபம்தான். ஆனாலும் மூலத்தை நீயே வைத்திரு. இசைத்தட்டை இங்கே அனுப்பாதே. தம்பி உண்மையில் எப்படிப் பாடினான் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் இப்போது அந்த மெல்ல ஓடும் குரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

யாகப்பு