காலிப் பெட்டிக்கு ரிப்பன்

டிசம்பர் 2

இன்று மட்டும் அறுபத்து மூன்று பொட்டலம் கட்டினேன். ஆள்காட்டி விரலில் காகிதம் கிழித்த கோடு நான்கு. டிசம்பர் பிறந்துவிட்டால் கடையில் பரிசு கட்டித் தரும் மேஜைக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

வீட்டுக்கு வந்தபோது அவர் குளியலறைக் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார், வலது கையால். அக்டோபரில் லிஃப்ட் கதவு அவர் மணிக்கட்டை நசுக்கியதிலிருந்து இதுதான் பயிற்சி. மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. முறுக்கத்தான் வரவில்லை. ஸ்குரூ டிரைவர் திருப்ப முடியாத லிஃப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? ஜனவரியில் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை சம்பளமில்லாத விடுப்பு என்று கடிதம் வந்திருக்கிறது.

என் சம்பளம் சாப்பாட்டுக்குச் சரியாகிவிடும். டிசம்பர் வாடகை கொடுத்தாயிற்று, அடுத்த மூன்று மாத வாடகைக்கென்று பணம் தனியாக இருக்கிறது. அதில் கை வைப்பதில்லை என்று இன்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். இந்தக் கிறிஸ்துமஸ் சின்னது. வாலுவுக்கு ஒரே ஒரு பரிசு, எங்களுக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு வீட்டில். (வாலு எங்கள் ஒரே மகள், ஏழு வயது. பெயர் வைத்த நேரம் அப்படி.) அவர் உடனே "சரி" என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டிசம்பர் 5

அண்ணி போன் செய்தார். என் கணவரின் அக்கா. இந்தக் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் எப்படி நடக்க வேண்டும் என்பது அவர் வாயிலிருந்துதான் வரும்.

"இந்த வருஷம் ஓட்டல்ல சாப்பிடறோம். ரெண்டு வீடும் பாதிப் பாதி. பசங்களுக்கு ஆளுக்கு ரெண்டு பரிசு. போன தடவை மாதிரி புஸ்தகம் வாங்கிட்டு வந்து நிக்காதே."

நான் மெதுவாக, "இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கமா பண்ணலாம்னு…" என்றேன்.

"வருஷத்துல ஒரு நாள். அதுக்குமா கை இறுக்கறே?"

"பாக்கலாம் அண்ணி."

பாக்கலாம்! முப்பத்தொன்பது வயதாகிறது. கடையில் வாடிக்கையாளர் கத்தினால் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறேன். இவர் குரல் கேட்டால் மட்டும் 'பாக்கலாம்'தான் வருகிறது.

டிசம்பர் 6

அவரிடம் சொன்னேன். "நீயே சொல்லிடு, அக்கா என் பேச்சைக் கேக்காது" என்கிறார். என் பேச்சை மட்டும் கேட்டுவிடுவாரா?

டிசம்பர் 9

கடையில் ஷோகேஸ் மாற்றினார்கள். அதில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னார் சூப்பர்வைசர். எல்லாம் நவம்பரில் நான் கட்டியவை. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் அட்டை. சிவப்பும் வெள்ளியுமாக, மடிப்பு ஒன்றுகூடப் பிசகாமல் கட்டியிருந்தேன். மனசு கேட்கவில்லை. "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "தாராளமா" என்றார். பதினோரு பெட்டி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சன்னலோரம் அடுக்கினேன். அவர் பார்த்துவிட்டு, "காத்துக்கு ரிப்பன் கட்டி எடுத்துட்டு வந்திருக்கே" என்று சிரித்தார். அவர் சிரித்தே ரொம்ப நாளாயிற்று. மரம் வாங்காத குறை தீர்ந்தது, செலவு ஒரு பைசா இல்லை என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வாலு பள்ளியிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பை தோளிலிருந்து நழுவியது. விரல் நீட்டி எண்ணினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். "கை கால் கழுவிட்டு வா" என்றேன்.

டிசம்பர் 10

சின்னச் சின்னச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். அப்பாவுக்கு இரண்டு, அம்மாவுக்கு இரண்டு, அவளுக்கு ஏழு. நியாயமான பங்கீடுதான்.

தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால், "தொடாதே, காகிதம் கசங்கிடும்" என்று அதட்டினேன். நேற்று சொல்லாமல் விட்டேன், இன்று பொய்யே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 12

அவர் போனை எடுத்து வாலு பெட்டிகளைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அண்ணி போன்.

"பரவாயில்லையே! ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு மூக்கால அழுதுட்டு, உள்ளுக்குள்ள கடையையே தூக்கிட்டு வந்துட்டே! இங்க எங்க பசங்க குதிக்கறாங்க. சரி, நாங்களும் ஒண்ணும் குறைஞ்சவங்க இல்ல."

"அண்ணி, அது வந்து…" வைத்துவிட்டார்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் அந்தப் பிள்ளை முதல் பெட்டியைப் பிரிக்கும். காலி. இரண்டாவது, காலி. பதினோரு தடவை. பக்கத்தில் நான் நிற்க வேண்டும்.

டிசம்பர் 14

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூடை எடுத்துக்கொண்டு பொம்மைப் பிரிவுக்குப் போனேன். ஏழு பொருள் எடுத்தேன். ஸ்கேட்டிங் ஷூ, குடை பிடித்த பொம்மை, காந்தம் ஒட்டும் விளையாட்டு, இன்னும் என்னவோ. பெட்டிகளின் அளவு எனக்கு மனப்பாடம். எது எதில் அடங்கும் என்று கண்ணாலேயே அளந்து எடுத்தேன். தவணைச் சீட்டு தரும் பெண், "ஸ்டாஃப்தானே, கையெழுத்து மட்டும் போடுங்க. பிப்ரவரி வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்றாள். பேனாவை வாங்கிவிட்டேன்.

பிப்ரவரியில் எதிலிருந்து கட்டுவேன்? வாடகைப் பணத்திலிருந்துதான். வேறெங்கே இருக்கிறது?

அதற்குள் என் மேஜைக்கு ஆள் வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். கூடையை அந்தப் பெண்ணின் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு ஓடினேன். ஒரு மனிதர் பெரிய பொம்மை வீடு ஒன்றைப் பொட்டலம் கட்டச் சொன்னார். "விலைச் சீட்டை எடுத்துட்டீங்களா? என் வைஃப் பாக்கக் கூடாது" என்று மூன்று தடவை கேட்டார். நெற்றியில் வியர்வை. சந்தோஷமாகப் பரிசு வாங்க வந்தவர் மாதிரியே இல்லை. என் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

கூடை இன்னும் மேஜைக்கடியில்தான் இருக்கிறது. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ?

டிசம்பர் 15

காலையில் அவரிடம் கூடையைப் பற்றிச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. வலது கையை மேஜைமேல் வைத்து, விரல்களை மடக்கிக் காட்டினார். பாதிதான் மடங்கியது.

"ஜனவரியிலயும் இது இப்படியே இருந்துச்சுன்னா?" என்றார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறார். "வெளிய சொன்னா நிஜமாயிடுமோன்னு பயந்துட்டு இருக்கேன். அந்த வாடகைக் காசு ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் குடுக்குது."

கடைக்குப் போனதும் ஏழு பொருளையும் ஒவ்வொன்றாக அதனதன் தட்டில் திருப்பி வைத்தேன். ஸ்கேட்டிங் ஷூவை வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. சூப்பர்வைசர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர், அல்லது அவசர மனிதர்.

டிசம்பர் 17

இன்றைக்கு நான் செய்ததை — செய்யாததை — யாரிடமும் சொல்ல முடியாது.

அண்ணி கடைக்கு வந்தார். தள்ளுவண்டி நிறைய. நேராக என் மேஜை. "நல்லா கட்டு. உன் வீட்டுப் பெட்டிய விட ஜோரா இருக்கணும்" என்றார். ஒன்பது பொருள். கைப்பையிலிருந்து ரசீது எடுத்தபோது கூடவே தவணைச் சீட்டு இரண்டு வந்தது. சட்டென்று மடித்தார். "எல்லாரும் பண்றதுதானே" என்றார், நான் கேட்காமலே.

மூன்று தடவை வாய் திறந்தேன். "அண்ணி, எங்க வீட்ல இருக்கறதெல்லாம்…" ஒவ்வொரு தடவையும், "வாய மூடிட்டுக் கைய ஓட்டு, நேரமாகுது" என்றார். கையை ஓட்டினேன். ஒன்பதையும் கட்டி, கடை வழக்கப்படி ஒவ்வொன்றின் அடியிலும் என் எண் போட்ட வில்லையை ஒட்டிக் கொடுத்தேன். நான்காம் எண், அதுதான் நான்.

என் காலிப் பெட்டியைப் பார்த்து அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு ரிப்பன் கட்டியதும் நானே. சீ!

டிசம்பர் 18

சொல்லிடணும். சொல்லிடணும். யார்கிட்ட முதல்ல?

டிசம்பர் 19

வாலுவிடம் சொன்னேன்.

பள்ளி விட்டு வந்ததும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "இதெல்லாம் கடையில அழகுக்கு வெச்சது கண்ணு. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றேன். சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். ஒன்றைக் குலுக்கினாள். பிரித்தாள். அடுத்தது. அடுத்தது. நான்காவதைப் பிரித்துவிட்டு நிறுத்தினாள்.

"அப்புறம் ஏன் இவ்ளோ அழகா கட்டினே?"

"நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா. இப்ப எல்லாரும் சிரிப்பாங்க" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். பரிசு போனதற்கு அழவில்லை. என் பயம்தான் இவளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஏழு வயசுலயே!

"உனக்கு ஒரு பரிசு இருக்கு. நிஜமான பரிசு. ஒண்ணே ஒண்ணு" என்றேன். முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 20

காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அத்தைக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன்.

"நான்தானே படம் அனுப்பினேன். நான் சொல்லணுமா?"

அதற்கு மேல் தள்ளிப்போட வெட்கமாக இருந்தது. சமையலறைக்குப் போய் அண்ணியைக் கூப்பிட்டேன். "அண்ணி, குறுக்க பேசாதீங்க, இல்லன்னா என்னால சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தேன். பெட்டிகள் காலி, ஓட்டலுக்கு எங்களால் வர முடியாது, அவர் கை இன்னும் சரியாகவில்லை, வேலை நிலைக்குமா தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

முடித்ததும், "எங்களைக் கேவலப்படுத்தணும்னே இதைப் பண்ணியா?" என்றார். கட் ஆனது.

டிசம்பர் 22

அண்ணி அவர் போனையும் எடுக்கவில்லை. குடும்பக் குழுவிலிருந்து விலகிவிட்டார். கூடப் பிறந்தவளோடு அவருக்கு இருந்த பேச்சுவார்த்தையை நான் கெடுத்துவிட்டேனா? "அக்கா வரும்" என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை.

டிசம்பர் 23

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கட்டிய பொருளை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், வில்லையில் எந்த எண் இருக்கிறதோ அவள்தான் பிரித்து, பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பதினோரு மணிக்கு, "நாலு, ரிட்டர்ன்" என்று குரல் வந்தது. நிமிர்ந்தால் அண்ணி. இரண்டு பைகளில் ஒன்பது பொட்டலம்.

என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒட்டு நாடாவை நகத்தால் நெம்பி, காகிதம் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஐந்தாவது பொட்டலத்துக்கு வந்தேன். பின்னால் வரிசை நீண்டது.

"எங்க வீட்டுக்காரருக்கு மூணு மாசமா பாதிச் சம்பளம்தான்" என்றார் திடீரென்று, மேஜையைப் பார்த்தபடி. "வீட்ல நாலு சுவத்துக்குள்ள எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். உன் படத்தைப் பாத்ததும் எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. நீ சொன்னப்புறம் உன்மேல அவ்ளோ கோவம். ரெண்டு நாள் கழிச்சுதான் யோசிச்சேன், நீ சொல்லலன்னா இதைத் திருப்பியிருப்பேனா?"

"நான் பதினேழாம் தேதியே சொல்லியிருக்கணும் அண்ணி."

"ஆமா, சொல்லியிருக்கணும்." விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணியாச்சே. "பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு இருக்கட்டும். மீதியை எடுத்துக்கோ."

ஏழு பொருளுக்குக் கையெழுத்திட்டேன். தவணைச் சீட்டு ஒன்றை முழுசாக ரத்து செய்தார்கள். கிளம்பும்போது கேட்டார்: "இருபத்தஞ்சு உன் வீட்ல என்ன சமையல்?"

"சூப்பு, உருளைக்கிழங்கு, ஒரு கோழி."

"ஒரு கோழி எல்லாருக்கும் எப்படிக் காணும்? நான் ஒண்ணு கொண்டு வரேன்."

டிசம்பர் 25

பாதிரியார் பேசியதில் பாதி காதில் விழவில்லை. அவர்கள் வருவார்களா, வந்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்களா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். நாற்காலி போதாமல் கட்டிலை இழுத்துப் போட்டோம். வாலு தன் பரிசைப் பிரித்து, வண்ணம் தீட்டும் பெட்டியைப் பார்த்து, "ஸ்கேட்டிங் ஷூ இல்லையா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். பத்து நிமிஷத்தில் மாமாவின் வழுக்கையை வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி வீட்டிலேயே சுட்ட கேக் ஒரு பக்கம் கரி. "அந்தப் பக்கம் நாத்தனாருக்கு" என்று என் தட்டில் வைத்தார். அவருக்கு நான் நாத்தனார் இல்லை, எனக்குத்தான் அவர் நாத்தனார். சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரைத் திருத்திப் பேசியது இதுதான் முதல் தடவை.

சாப்பிட்டபின் அவர் காலிப் பெட்டிகளைக் கதவோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நூலும் நூல்கண்டுச் சக்கரமும் வைத்து ஒரு லிஃப்ட் செய்தார். முடிச்சைப் பல்லால் போட்டார். பிள்ளைகள் பொம்மைகளை ஏற்றி இறக்கி, "கதவு மூடுகிறது" என்று கத்திக்கொண்டே மாலை வரை நகரவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். நூல் சுற்றும் கைப்பிடியை அவர் இடது கையால் சுற்றுவதைப் பார்க்கும்வரை.

ஜனவரி 3

கம்பெனி டாக்டரைப் பார்த்தோம். இன்னும் ஆறு வாரம் பயிற்சி, அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். வேலையை விட்டு எடுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

பஸ்ஸில் அவர், "பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"எனக்கும்."

ஜனவரி 5

மாடியில் வீட்டு ஓனரிடம் வாடகை கொடுக்கப் போனேன். எண்ணிப் பார்த்துவிட்டு ரசீது எழுதினார். "நாலு வீட்ல நீங்கதாம்மா முதல்ல. மத்தவங்கல்லாம் பண்டிகைச் செலவு, இருபது தேதி ஆகும்கறாங்க. உங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்லன்னு கேள்விப்பட்டேன், உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார்.

"இன்னும் ரெண்டு மாசத்துக்கு இருக்குங்க" என்றேன்.

அதைச் சத்தமாகச் சொன்ன பிறகு படியிறங்கினேன். பாதிப் படி வந்த பிறகுதான் தெரிந்தது, வாடகை கொடுத்துவிட்டு எப்போதும் பயந்து பயந்து பிடித்து இறங்கும் கைப்பிடிக் கம்பியை இன்று நான் பிடிக்கவே இல்லை.