மேடத்தின் பட்டு ரவிக்கை

ஜூன் 3, செவ்வாய்

இன்று எங்கள் மட்டாஞ்சேரி மகளிர் சங்கத்தில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் கொடுத்தார்கள். தலைவி சுமதி மேடம், "இது அப்பா இல்லாத குட்டி" என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் என் மகள் நித்யாவிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு இறங்கப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேகைத் திரும்பத் தா மோளே. போட்டோ சரியாகலை. இந்தத் தடவை சிரிச்சுண்டு வாங்கணும், கேட்டியா?"

மூன்று முறை வாங்க வைத்தார். மூன்றாவது முறை நித்யா சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களைப் பழைய பையிலேயே அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடத்துக்குப் பாராட்டு விழா. அதற்கான பட்டு ரவிக்கையை என்னிடம்தான் தைக்கக் கொடுத்திருக்கிறார். உடம்பைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டுமாம், முதுகில் ஆறு கொக்கி. கொக்கிக்கு நான்கு இழை நூல் போட வேண்டும் என்பது இதே சங்கத்தின் தையல் வகுப்பில் நான் படித்தது.

ஆறுக்கும் ஒற்றை இழைதான் போட்டிருக்கிறேன்.

மாலை வாங்க மேடையில் குனிவார். முதல் தடவை நூல் தாங்கிவிட்டால், போட்டோ சரியாகவில்லை என்று முன்வரிசையிலிருந்து நானே சொல்வேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை குனியட்டும்.