காலரைப் பிடித்த கை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. வழக்கமாக உன் முட்டிவலி, அத்தானின் மூச்சிரைப்பு எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் என் கதைக்கு வருவேன். இன்று அதற்கும் எனக்கு முகமில்லை.

நேற்று, இசைக் கலைஞர்களின் புகழ்பெற்ற புகைப்படங்களுக்கு ஒரு கண்காட்சி திறந்தார்கள். நுழைந்ததும் ஆளுயரத்துக்கு என் படம். கண் மூடி, வாய் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறேனே, அதேதான். கீழே 'இசையில் கரைந்த கணம்' என்று எழுதியிருந்தார்கள்.

உனக்கும் எனக்கும் அல்லவா தெரியும்! எத்தனையோ வருஷத்துக்கு முன், மேடை ஏறுகிற நேரத்தில் என் கோட்டின் காலர் கிழிந்தது. திரைக்குப் பின்னால் நீ அவசர அவசரமாகத் தைத்தாய். நான் சும்மா நிற்காமல் நெளிந்தேன். ஊசி கழுத்தில் ஏறியது. நான் 'ஐயோ' என்று கத்தவும், புகைப்படக்காரர் பொத்தானை அழுத்தவும் சரியாக இருந்தது. கரைந்ததாவது, கத்தரிக்காயாவது!

படத்தின் ஓரத்தில் உன் விரல்கள் மட்டும் தெரியும். ஒன்றில், ஊசி குத்தாமலிருக்க நீ மாட்டும் உறை. ஒரு பத்திரிகைக்காரப் பெண் அதை உற்றுப் பார்த்து, "இது யாரோட கை சார்?" என்று கேட்டாள். சுற்றிலும் பெரிய மனிதர்கள். யாரோ மேடை உதவியாள் என்று சொல்லிவிட்டேன், அக்கா. உன் தையல் மெஷின் சத்தத்தில் தாளம் பழகியவன், நாக்கு கூசாமல் சொன்னேன்.

திரும்பினால் உன் மகள். வாழ்த்துச் சொல்ல வந்தவள், "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உனக்கு வலிக்குமென்று அவள் இதை மறைத்திருப்பாள். என் ஈனத்தனத்தை அவள் சுமக்க வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழாவில் பாடுகிறேன். பாடுவதற்கு முன், அது யார் கை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்றைக்கு அந்தக் கோட்டைத்தான் போடுவேன். தொப்பையில் பொத்தான் பூட்டாது, பரவாயில்லை. காலரில் நீ போட்ட தையல் விட்டுப்போயிருக்கிறது. வேறு யாரிடமும் தைக்கக் கொடுக்கவில்லை.

ஊசியோடு வந்துவிடு, அக்கா. இந்த முறை நெளியாமல் நிற்கிறேன். கொஞ்சம் அழுத்தியே குத்து.

உன் தம்பி