தண்ணீர் வரிசையில் விட்டுப்போன ஆள்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் உடம்பு ஏறக்குறைய சொன்னபடி கேட்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. பின் அறைக் கூரை ஒழுகுவதை ஆள் வைத்து அடைத்துவிட்டேன். உன் பழைய மேசைமேல் இப்போது என் வண்ண டப்பாக்கள்தான் குடியிருக்கின்றன, நீ வந்தால் காலி செய்து தருவேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தத் திருட்டுப் பூனை மூன்று குட்டி போட்டுவிட்டு, வாடகை கேட்பார்களோ என்பதுபோல என்னைப் பார்க்கிறது. வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அதனோடு நான் பேசுவதுதான்.

கண்காட்சி எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். கூட்டத்துக்குக் குறைவில்லை. உனக்குத்தான் தெரியுமே, நம் தெருக் கோடியில் இருக்கும் ஏரியை நான் பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைந்து வருகிறேன், வருஷத்துக்கு ஒரு படம். முதல் படத்தில் நாரைகள், நடுவில் இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் கொட்டும் லாரிகள், கடைசியில் பாதி ஏரிமேல் எழும்பி நிற்கும் சரக்குக் கிடங்கு. அந்த ஏரி மண்ணையே சலித்து, கோந்து சேர்த்து அரைத்துத்தான் எல்லாப் படங்களுக்கும் தரை வண்ணம் தீட்டினேன். இந்த வருஷம் வரைய ஏரி என்று எதுவும் மிச்சமில்லை, அதனால் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் நிற்கும் வரிசையை வரைந்தேன். ஆறடி அகலம், இருபத்திரண்டு பேர், நடுவில் நம் பக்கத்து வீட்டுத் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா, தலைமுடி அவிழ்ந்து, வாயைத் திறந்து டிரைவரைப் பார்த்துக் கத்துகிறாள், ஒரு கை மேலே. என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல படம் அதுதான், எனக்கே தெரியும். எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். செய்தித்தாளில் படம் போட்டார்கள், முழுப் படமும் போட இடமில்லை போலிருக்கிறது, அவளை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. உன் அப்பா போன பிறகு தினமும் நாலு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு வந்து என்னோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவள். முதல் நாள் வேலை அதிகம் என்று நினைத்தேன், மூன்றாம் நாள் நானே இரண்டு பேருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினாள். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் சண்டைக்காரி சண்டைக்காரி என்று சிரிக்கிறார்களாம். ஆறு வருஷமா அந்த வரிசையில நிக்கிறேன்க்கா, ஒரே ஒரு நாள் கத்தினேன், அந்த ஒரு நாள்தான் உங்க கண்ணுல பட்டுச்சா, என்று கேட்டாள். வரையறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா என்றாள். நான் ஏதோ கலை, ஏரி, அநியாயம், ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று உளறினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தெரு முழுக்க இருக்காங்க, எனக்குப் பின்னாடிதானே நீங்க நின்னீங்க, படத்துல நீங்க எங்கக்கா, என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். டீ ஆறிப்போய்விட்டது. இரண்டையும் நானே குடித்தேன்.

அவள் கத்திய அன்றைக்கு நடந்தது அப்புறம்தான் எனக்கு ஒழுங்காக ஞாபகம் வந்தது கண்ணு. அவளுடைய இரண்டு குடமும் நிரம்பிவிட்டன, அவள் போயிருக்கலாம். என் முறை வந்தபோது டிரைவர் நேரமாகிவிட்டது என்று குழாயை மூடினான். அதற்குத்தான் அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள். எனக்காகக் கத்தியவளை அவ்வளவு நுணுக்கமாக, தொண்டை நரம்புவரை வரைந்திருக்கிறேன், யாருக்காகக் கத்தினாள் என்பதை விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. உன் அம்மாதான் அந்தப் பல்லி.

படத்தைக் கழற்றித் தரச் சொன்னேன். அரங்குக்காரர், அம்மா இதைப் பாக்கத்தானே வர்றாங்க, இது இல்லேன்னா சுவர் வெறிச்சுனு போயிடுமே, என்று கெஞ்சினார், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வெறிச்சென்றே இருக்கட்டும் என்று சொல்லி வண்டி பிடித்து எடுத்துவந்துவிட்டேன். முன் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, சுற்றிச் சுற்றித்தான் நடக்கிறேன். அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் ஒதுக்கி, காலிக் குடத்தோடு என்னை வரைந்தேன். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து நாலு நாள் ஆயிற்று. நேராக நிமிர்ந்து, லாரிக்காரனை எரித்துவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று அவள் வந்தாள், டீக்கு இல்லை, தைக்கக் கொடுத்த என் ரவிக்கையைத் திருப்பிக் கொடுக்க. வாசலிலேயே நின்று நீட்டியவளை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ, வேண்டாமென்றால் உன் முகத்தை அழித்துவிடுகிறேன், என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டேன். உள்ளே வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். தன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, நீங்க இப்படி நிக்கலக்கா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, குடத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்க, கேக்க ஆளில்லாதவங்க மாதிரி, அதைப் பாக்க முடியாமத்தான் நான் கத்தினேன், என்றாள். தன் முகம் இருக்கலாம் என்றோ கூடாது என்றோ சொல்லவில்லை. போய்விட்டாள். இன்றும் நாலு மணி வந்து போயிற்று, மிஷின் சத்தம் நிற்கவில்லை.

காலையிலிருந்து அந்தத் தலையைக் குனிய வைத்து வரைந்துகொண்டிருக்கிறேன் வாலு. கண்ணாடி உதவவில்லை, குனிந்தால் கண்ணாடியில் உச்சிமண்டைதான் தெரிகிறது. ஆனால் கை தானாகப் போடுகிறது, எங்கெங்கே வளைய வேண்டும் என்று தோளுக்குத் தெரிந்திருக்கிறது. உன்னிடம் இத்தனை நாளாகச் சொல்லாமல் இருந்ததும் அதுதான். வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர், சில வாரம் அதுவும் இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் நம்பியிருக்கிறாய். தப்பு உன்மேல் இல்லை.

நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, ஒருவருக்கொருவர் துணையாக நூறு வயது வாழ வேண்டும், அம்மாவின் முழு மனசு ஆசீர்வாதம். வண்டி ஓட்டும்போது போன் பேச வேண்டாம் என்று நான் சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல். கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, எப்படிம்மா இருக்கே என்று கேட்டுவிட்டு உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விடாதே. கொஞ்சம் பொறுத்திரு, நான் பதில் சொல்ல நேரமாகும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா