கிழக்குப் பக்கத்துக்கு ஆள் எடுப்பு

அச்சுவேலி,
22.03.1992

அன்பு நண்பர் கிறிஸ்துநாயகம் அறியச் சீவரத்தினம் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீரும் செபஸ்தியம்மாவும் மகளும் பேரனும் அந்த ஸ்காபரோக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சந்நிதி முருகனிடமும், உமக்காக உம்முடைய அந்தோனியாரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். மகளின் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனீர். பேரன் இப்போது நடக்கத் தொடங்கியிருப்பான்.

இங்கே வெங்காயம் கிண்டி முடிந்தது. காய் நல்ல திரட்சி. என்ன பிரயோசனம், கொழும்புக்கு லொறி போகப் பாதை இல்லை. லொறியின் சில்லுகளைக் கழற்றிவிட்டுக் கல்லின் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். அதற்குள் கோழிகள் அடை கிடக்கின்றன. லொறி லொறியாக அனுப்பினவன் இப்போது சந்தையில் பிடி கட்டி விற்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. சைக்கிள் கரியரில் ஒரு சாக்கோடு தொடங்கினவன்தானே. அப்போது வீட்டுக்குப் போனால் கதைக்க என் பெண்சாதி பூரணம் இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உம்முடைய வீட்டில், நீர் சொன்னபடியே, மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு கடற்தொழில் குடும்பத்தை இருத்தியிருக்கிறேன். கனிசியஸ் என்று பேர். உம்மைப்போல வேதக்காரர், அமைதியான சனம். முற்றத்தை உம்மைவிட நன்றாகவே கூட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வைகாசி பிறந்தால் உதைபந்தாட்டத்துக்கு ஆள் எடுப்பு. நீர் கிழக்குப் பக்கத்துக்கும் நான் மேற்குப் பக்கத்துக்கும் ஆள் எடுக்கத் தொடங்கி எத்தனை வருடம் என்பதில்கூட நாம் இருவரும் ஒத்துப்போனதில்லை. போன வருடம் குண்டுவீச்சினால் ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை நடத்தியே ஆக வேண்டும் என்று ஊர் நிற்கிறது. ஆள் எடுக்க நீர் இருக்கிற கதிரையில் இப்போது யாரை இருத்துவது என்பதுதான் கேள்வி.

பொன்னம்பலத்தை இருத்துவோம் என்கிறார்கள். றெயிலில் கார்ட்டாக இருந்து இளைப்பாறின அதே பொன்னம்பலம்தான். றெயில் நின்றதோடு அவருக்குப் பொழுது போகவில்லை. நம்முடைய சட்டம் அவருக்குப் பிடிபடவே இல்லை. பந்தடிக்கிற எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, காசு சுண்டி வென்றவர் தொடங்க, இரண்டு பேரும் மாறி மாறி ஒவ்வொரு பேராகச் சொல்லி எடுக்க வேண்டும், வாயால் சொன்ன பேரை மாற்றக்கூடாது, முதலாவதாக எடுத்தவனுக்குப் போட்டி முடியும்வரை எடுத்தவர் வீட்டில் சாப்பாடு என்று நான் பொறுமையாகச் சொல்லி முடிக்க, "அதென்ன, முதலாவது ஆளுக்கு மட்டும் சோறு? மிச்ச ஆக்கள் பட்டினியோ?" என்று கேட்கிறார். இந்த மனுசனுக்கு எதிரே இருந்து நான் என்ன வாதாடுவது?

ஆகையால் நேராகவே கேட்கிறேன். வைகாசிக்கு வருவீரா? வர வசதிப்படாவிட்டால் உம்முடைய ஆட்களின் பேர்களையாவது எழுதி அனுப்பும். அதுவரை கதிரையை ஒருவருக்கும் விடமாட்டேன். இந்தக் கடிதத்தைப் படகேறிக் கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

உம்முடைய வரவைப் பார்த்திருக்கும்,
சீவரத்தினம்


அச்சுவேலி,
07.06.1992

அன்பின் கிறிஸ்துநாயகம்,

பதில் வரவில்லை. என் கடிதம் கடலில் விழுந்ததோ, கொழும்பில் யாருடைய சட்டைப்பையில் கிடக்கிறதோ தெரியாது. உமக்குச் சுகமில்லையோ என்றும் யோசித்தேன். அப்படியென்றால் செபஸ்தியம்மா இரண்டு வரி எழுதியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆள் எடுப்பு முடிந்துவிட்டது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கூட்டத்தில் பொன்னம்பலத்தின் பேரை எடுத்தவுடனே நான் எழும்பி, கிறிஸ்துநாயகத்தின் கடிதம் வந்திருக்கிறது, தன் பக்கத்துக்கும் என்னையே எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். வியாபாரத்தில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு இதைவிடப் பெரிய பொய்கள் சொல்லியிருக்கிறேன்.

அரிவு வெட்டின வயலில் வழக்கம்போல இரண்டு கதிரைகள். என் கதிரையில் இருந்து ஒரு பேர் சொல்வேன். பிறகு எழும்பி நடந்துபோய் உம்முடைய கதிரையில் இருந்து மற்றப் பேர். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "சீவரத்தண்ணை, காசையும் நீங்களே சுண்டி நீங்களே பிடியுங்கோ, ஏன் இன்னொருத்தரைக் கரைச்சல் படுத்துவான்" என்றான் ஒருவன். "அண்ணையையும் ஒரு பக்கத்துக்கு எடுங்கோவன், உந்த ஓட்டம் ஓடுறார்" என்றான் மற்றவன்.

முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. உம்முடைய கதிரையில் இருக்கும்போது நீர் எப்படி நினைப்பீர் என்று நினைக்க வேண்டியிருந்தது. நீர் வேகத்தைப் பார்க்கமாட்டீர். பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் ஒருவன் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றுதான் பார்ப்பீர். அப்படிப் பார்த்தபோது கண்ணில் பட்டவர் உம்முடைய வீட்டில் இருக்கிற கனிசியஸ். அவரையே உமக்கு முதலாவது ஆளாகச் சொன்னேன்.

ஊர் குழம்பிப்போனது. "இடம்பெயர்ந்து வந்த ஆளை முதலாவதாய் எடுக்கிறதோ? ஊரிலை ஆம்பிளையள் இல்லையோ?" என்று கத்தினார்கள். "இருந்தால் காட்டுங்கோ பாப்பம்" என்றேன். எல்லாரும் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பதைக் கடந்தவர்களும், பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தவர்களும் நின்றார்கள். நடுவில் இருக்க வேண்டிய வயதுக்காரரை யாரோ அள்ளிக்கொண்டு போனதுபோல வரிசை இருந்தது.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவன் வெங்காயம் வாங்குகிறானோ இல்லையோ, என் எடுப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போவதில்லை. "உங்கடை பின்வரிசையைப் பாத்தால் கோயிலுக்கு நேந்துவிட்ட கிடாயள் மாதிரி எல்லோ நிக்கினம்" என்கிறார்கள். "கிழக்குக்கு எடுக்கேக்கை விளங்கின கண் மேற்குக்கு எடுக்கேக்கை ஏன் மங்கினது?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. என் பக்கத்துக்கு வாயில் வந்த பேரைச் சொல்லிவிட்டு, உம்முடைய பக்கத்துக்கு யோசித்து யோசித்து எடுத்திருக்கிறேன். அங்கே இருந்துகொண்டு நீர் குறை சொல்லக்கூடாது என்ற பயம்தான்.

இனிச் சாப்பாட்டு விஷயம். கனிசியஸ் இருப்பதே உம்முடைய வீட்டில்தான். ஆனால் சட்டப்படி அவருக்குப் போட வேண்டியவர் நீர். ஆகவே விடிந்ததும் முட்டையோடு போய் உம்முடைய குசினியில் முட்டைக்கோப்பி அடித்துக் கொடுக்கிறேன். முதல் நாள் அவருடைய பெண்சாதி, "ஐயா, என்ரை மனுசனுக்கு நான் சமைக்கமாட்டனோ?" என்று கேட்டுச் சிரித்தாள். இது கிறிஸ்துநாயகத்தின் வீட்டுச் சாப்பாடு, பிள்ளை, நீ விலகி நில் என்றேன். இப்போது எனக்கும் அங்கே ஒரு கோப்பை எடுத்து வைக்கிறார்கள். என்னுடைய முதலாவது ஆள் நமசிவாயம் வாத்தியார். மத்தியானம் என் வீட்டில் சாப்பிடுகிறார். சாப்பிட்டுக் கை கழுவினால் உடனே எழும்பிப் போய்விடுவார். இருந்து நாலு கதை கதைக்கிற மனுசன் இல்லை.

ஆடி அமாவாசை கழியப் போட்டி. வாரும் என்று இந்த முறை எழுதவில்லை. பதில் போடும்.

அன்புடன்,
சீவரத்தினம்


அச்சுவேலி,
13.09.1992

அன்பின் கிறிஸ்துநாயகம்,

போட்டி எல்லாம் முடிந்து, வயலில் கீறின கோடும் அழிந்த பிறகு உம்முடைய கடிதம் வந்தது. உறை கிழிந்து, யாரோ படித்துவிட்டு ஒட்டின மாதிரி இருந்தது. பேரனின் படம் கண்டேன். மூக்கு உம்முடையது, பாவம்.

கிழக்கு வென்றது, மூன்றுக்கு ஒன்று. அதில் இரண்டு கனிசியஸ் அடித்தது, வெறுங்காலோடு. இரண்டு பக்கத்து ஆட்களும் நான் எடுத்தவர்கள்தான், ஆனாலும் தோற்றவன் நான். முன்பெல்லாம் நீர் வென்றால் கிழமைக்கணக்காக விடியற்காலை என் கடை வாசலில் வந்து நிற்பீர். ஒன்றும் வாங்கமாட்டீர். "தோத்த ஆளின்ரை வெங்காயம் மலிவாய் வருமோ?" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கேட்பீர். இந்த முறை அடுத்த நாள் வெள்ளெனவே கடையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. இரண்டு கதிரையிலும் மாறி மாறி இருந்த மனுசன் என்று என்னைப் பாவம் பார்த்துவிட்டார்கள்.

இனி உம்முடைய எடுப்பு. பதினொரு பேரையும் வரிசையாக எழுதியிருக்கிறீர். என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறீர். சொல்கிறேன்.

முதலாவது பஞ்சலிங்கம், வலது கரைக்கு. நல்ல எடுப்பு. காசு எனக்கு விழுந்திருந்தால் நானும் அவனைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் போன மார்கழியே வெளிக்கிட்டுவிட்டான். உம்முடைய ஸ்காபரோவில்தான் ஏதோ சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறானாம். தாய் சொன்னாள். பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் நிற்கிறவனை என்னிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்.

இரண்டாவது சிவக்கொழுந்தின் மூத்தவன். இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவனுக்கு இடக்கால் கிடையாது, ஒரு தள்ளுத் தள்ளினால் பந்தை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போவான் என்று உம்மோடு வாதாட வாய் திறந்தேவிட்டேன், தனியே கடைக்குள் இருந்துகொண்டு. பிறகுதான் நினைவு வந்தது. அவன் இப்போது வீட்டில் இல்லை. எங்கே என்று எழுத, இந்தக் கடிதம் போகிற வழி நல்லதல்ல. சிவக்கொழுந்து சந்தைக்கு வருகிறார். நாங்கள் வெங்காயத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறோம்.

கோல் காக்கத் தம்பிஐயாவை எழுதியிருக்கிறீர். நாயகம், அவர் போன ஐப்பசியில் மோசம் போய்விட்டார். பொம்மர் வந்து குண்டு போட்டபோது பங்கருக்குள் போகாமல் மாட்டை அவிழ்த்துவிடப் போனவர். உமக்கு யாராவது எழுதியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். எல்லாரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். செபஸ்தியம்மாவுக்கு மெல்லச் சொல்லும், அவருக்குச் சொந்தமும் அல்லவா.

மிச்சப் பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் ஜெர்மனி, சிலர் சுவிஸ், ஒருவன் கொழும்பில் லொட்ஜ் அறையில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். நீர் எழுதின பதினொரு பேரில் இன்றைக்கு ஊரில் நிற்கிறவர் ஒரே ஒருவர். கடைசியில், இடம் நிரப்புவதற்காகப் போட்டிருக்கிறீரே, நமசிவாயம் வாத்தியார். அவரை நான் முதலாவதாக எடுத்தேன். இப்போது விளங்குகிறதா எங்கள் பக்கத்தின் தரம்?

கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிற விஷயத்தையும் படித்தேன். மகளுக்கு இரண்டாவது, அங்கேயே இருக்க விண்ணப்பப் பத்திரமும் கொடுத்தாயிற்று, அடுத்த முறையிலிருந்து கதிரையைப் பொன்னம்பலத்துக்கு விடும் என்று. நீர் செய்தது சரி. உம்முடைய இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்வேன். கதிரையை அவருக்கே கொடுத்துவிட்டேன். மனுசன் சந்தோசத்தில் றெயில்வே விசிலைக் கொண்டுவந்து ஊதிக் காட்டினார். என் கதிரையையும் நமசிவாயம் வாத்தியாருக்கு விட்டுவிட்டேன். அவர்கள் இருவரும் எடுக்கட்டும். எனக்குப் பொன்னம்பலத்தோடு மல்லுக்கட்டுகிற வயது இல்லை.

ஆனால் நாம் இருவரும் நிறுத்த வேண்டியதில்லை என்று ஒரு யோசனை. நம்முடைய ஆட்களில் உயிரோடு இருக்கிறவர்கள், எந்த நாட்டில் நின்றாலும், எல்லாரும் வரிசையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நீர் ஒரு கடிதத்தில் ஒரு பேர் சொல்லும். அவன் எங்கே, என்ன செய்கிறான் என்று விசாரித்து எழுதும். நான் அடுத்த கடிதத்தில் ஒரு பேர் சொல்வேன். ஒரு கடிதத்துக்கு ஒரு பேருக்கு மேல் கூடாது, அதுதான் சட்டம். எடுப்புச் சரியில்லை என்றால் திட்டி எழுதலாம். கடிதம் போய்வருகிற கதிக்குப் பதினொரு பேரை எடுத்து முடிக்க வருடக்கணக்காகும். எனக்கு அவசரம் இல்லை.

காசு சுண்ட வழியில்லை. முதலாவது எடுப்பை உமக்கே விடுகிறேன். நான் யாருக்கும் எதையும் சும்மா விட்டவன் அல்ல என்பது உமக்குத் தெரியும்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பேரனுக்கு என் ஆசீர்வாதம். காதை மூடிக் கட்டிக்கொண்டு வெளியே போம். எழுத வேறொன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேரை மட்டும் எழுதி அனுப்பும்.

உம்முடைய எதிர்ப்பக்கம்,
சீவரத்தினம்