அம்மை போட்ட வீட்டில் என் மாத்திரை

அன்புக் கஸ்தூரிப் பெண்ணே,

எழுத உட்கார்ந்து, பாதியில் படுத்து, மறுபடி எழுந்து எழுதுகிறேன். இந்த அசதியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. இது புரிந்த ஒரே ஆள் நீதான், நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

எனக்கு அம்மை போட்டது, கஸ்தூரி. உனக்குப் போட்ட அதே அம்மை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, பொருக்கு மட்டும்தான் அரிக்கிறது. அதனால் பயப்படாமல் படி.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது பெரிய ஆஸ்பத்திரியில், ஹார்மோன் டாக்டர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில். நான் ஆவடி, ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். நீ பூந்தமல்லி. இரண்டு பேருக்கும் ஒரே கதை. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனது, பிழைத்ததே பெரிது என்றார்கள். அப்புறம் பால் ஊறவில்லை. மாதவிலக்கு திரும்பவே இல்லை. முடி கொட்டியது, சித்திரை வெயிலிலும் குளிர்ந்தது. என் வீட்டில் சோம்பேறி என்றார்கள், உன் வீட்டில் காத்துக் கருப்பு என்று மந்திரித்தார்கள். தெருமுனை டாக்டர் எனக்குத் தைராய்டு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதில் இன்னும் மோசமாகி, மயங்கி விழுந்த பிறகுதான் அங்கே வந்து சேர்ந்தேன்.

டாக்டர் சொன்னது எனக்கு ஏறவில்லை. நீதான் விளக்கினாய். “இன்னா யக்கா, மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல ஒரு சுரப்பி கீதாம். அதான் மேஸ்திரியாம். ரத்தம் போனப்ப அது பட்னி கெடந்து செத்துட்ச்சாம். மேஸ்திரி இல்லாத சைட்ல எவன் வேலை செய்வான்?” வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பெற்ற பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

செத்த சுரப்பி திரும்பி வராது. அது தர வேண்டியதை ஆயுசுக்கும் மாத்திரையாக விழுங்க வேண்டும். முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு. காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தி எடுத்தால் ஊசிக்கு ஓட வேண்டும், எது வந்தாலும் நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்குக் காய்ச்சலில் உடம்பே அதைக் கூடுதலாகச் சுரந்துகொள்ளும். நமக்கு யார் சுரப்பார்கள்?

உனக்கு அம்மை போட்டபோது நிறுத்திவிட்டார்கள். அம்மை வீட்டில் மருந்து ஆகாது அல்லவா? சேதி கேட்டு நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மன் கூட்டிக்கொண்டாள் என்றார்கள். உன் வீட்டுக்காரர் செல்வம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது என் முறை. முதல் கொப்புளத்தைப் பார்த்ததுமே என் மாமியார் வாசலில் வேப்பிலை செருகி, மாத்திரை டப்பாவைப் பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். “ஆத்தா வந்திருக்கா தாயீ. இங்கிலீஷ் மருந்து குடுத்தா கோவிச்சுக்கிடுவா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் பொறுத்துக்க” என்றார். கெட்டவர் இல்லை, கஸ்தூரி. பாயருகிலேயே உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியபடி, “ஒரு வாரந்தானே, அம்மா மனசு கோணாம இரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடவும் அந்தச் சுரப்பி வேண்டுமே.

மறுநாள் வாந்தி. எழுந்து நின்றால் கண்ணை இருட்டியது. உனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? நீ மாத்திரை கேட்டாயா, கேட்காமலே விட்டாயா? ஒரே ஒரு போன் பேசத்தான் தெம்பு இருந்தது. உன் செல்வத்தைக் கூப்பிட்டேன். ஏன் அவரைக் கூப்பிட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. “எனக்கும் அம்மை. மாத்திரைய எடுத்து வச்சுட்டாங்க” என்றேன். அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் எப்படித்தான் வந்தாரோ, வந்துவிட்டார். அம்மை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று வாசலிலேயே நின்றார். மாமியார் எழுந்து போனார். பேசியது எனக்குப் பாயிலிருந்தே கேட்டது.

“அம்மா, அந்த மாத்திரைய அவங்களுக்குக் குட்த்துருங்க.”

“ஆத்தா இருக்குற வீட்டுல பேசுற பேச்சா இது? உம் பொண்டாட்டியவும் ஆத்தாதான கூட்டிக்கிட்டா?”



“அம்மன் கூட்டினு போவலமா” என்றார் செல்வம். “மாத்திரை குடு, மாத்திரை குடுன்னு அவ கேட்டுகினே இருந்தா. நான்தான் பாக்கெட்ல வச்சுகினு குடுக்காம நின்னேன். அம்மன் மேல பழிய போட்டுட்டு சுத்தினு கீறேன்.”

மாமியார் உள்ளே வந்தார். சாவியைப் போட்டுத் திறந்தார். அலமாரி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, டப்பாவை எடுத்து வந்து, “எத்தன தாயீ?” என்று என்னிடமே கேட்டார். இரண்டு மடங்கு விழுங்கினேன். செல்வம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கண் திறக்க வைத்தார்கள்.

நேற்று இளநீரோடு பார்க்க வந்தார். எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது, கஸ்தூரி. அவரால் நீ இல்லை. அவரால்தான் நான் இருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவரை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க எனக்கு உரிமை கிடையாது, கேட்கவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் செய்கிறேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செல்வத்தையும் கூட்டிப்போவேன். நம்மைப் போல் புதிதாக வரும் பெண்களின் புருஷன்மார்களிடம், மாமியார்களிடம் அவரே சொல்லட்டும். அவருக்கு வாய் எழும்பாத அன்று நான் சொல்வேன். நீ சாகப் பிறந்தவள் இல்லை என்றும், கடைசி வரைக்கும் மாத்திரையைக் கேட்டுக்கொண்டே இருந்தாய் என்றும் சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
விமலா