மிச்சமிருப்பவர்களின் கதை

புதன், இரவு.

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகள் என்றால் எனக்கு உயிர். இன்று மதியம் அப்படியொரு நாவலில் மூழ்கியிருந்தபோது எண்ணூர் தொழிற்சாலைப் பக்கமிருந்து வாயு நெடி வந்தது. கண் எரிந்தது. சன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகினேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, கதவத் தொற. புள்ளைக்கு மூச்சு வாங்குது."

திறந்தால் நெடியும் உள்ளே வரும். தாழ்ப்பாளில் கை வைத்தபடி கொஞ்சம் நின்றேன். பிறகுதான் திறந்தேன். அதை அவள் கவனித்தாளா, தெரியவில்லை.

மாலையில் காற்று திசைமாறியது. குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டது. ஸ்டெல்லா என் புத்தகத்தைப் புரட்டினாள்.

"இன்னா கதக்கா இது?"

"உலகமே அழிஞ்சிடுது. மிச்சம் கீறவங்க கதை."

"நம்மள மாதிரி ஆளுங்க கீறாங்களா அதுல?"

"கீறாங்க" என்றேன்.

எத்தனை பக்கம் வரைக்கும் என்று அவள் கேட்கவில்லை.